சாரங்காவைப் பற்றிச் சாரங்காவிடம்

"பிள்ளை, இந்த வாரை ஒருக்காத் தைச்சுத் தருவீரோ? கையோட வந்திட்டுது."

சாரங்கா மெசினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கடை வாசலில் மண்ணிறச் சேலை உடுத்த ஓர் அம்மா நின்றார். ஒரு கையில் கைப்பை, மறுகையில் அதன் வார். அவருக்குப் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு மெலிந்த ஓர் ஐயா. ஊர் ஆட்கள் இல்லை. அக்கராயன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு நிழல் என்று இருப்பது சாரங்காவின் தையல் கடைத் தகரக் கூரைப் பத்தி ஒன்றுதான். அறுப்புக் காலத்து வெயிலில் யார் யாரோ வந்து ஒதுங்குவார்கள், பஸ் வந்ததும் போய்விடுவார்கள்.

"தாங்கோ அம்மா. அந்த வாங்குப் பலகையில இருங்கோ. கொஞ்ச நேரத்தில தைச்சுத் தாறன்."

எழுந்து போய் வாங்கவில்லை, இருந்த இடத்திலேயே எட்டி வாங்கினாள். யுத்தத்தின் கடைசிச் சண்டையில் செல் வெடித்துத் துண்டு பட்ட இடது கால் சரியாக மடங்காது. நடந்தால் இழுபடும். அதனால் நூற்கட்டை, கத்தரிக்கோல், அளவு நாடா எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் வைத்திருப்பாள். புதிதாக வருகிறவர்கள் அவள் நடப்பதைக் காணாமலே போய்விட்டால், அன்றைய நாள் நல்லபடி போனதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

தடித்த ஊசியை மாற்றி, வாரின் நுனியைப் பைக்குள் செருகிப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். அந்த அம்மா தெருவை ஒருமுறை பார்த்தார், பிறகு வாங்கில் நகர்ந்து கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை இந்த ஊர்தானோ?"

"ஓம் அம்மா."

"தில்லைநாதன் எண்டு ஒருத்தர், வாய்க்கால் கரையில வீடு. தெரியுமோ?"

சாரங்காவின் அப்பா அவர். அவள் ஊசியைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றாள்.

"அவரின்ர மூத்த பிள்ளை சாரங்காவாம். தையல் ரீச்சராம். எங்கட பெடியனுக்குப் பேசி வந்திருக்கு. அதுதான், பிள்ளை எப்பிடியெண்டு விசாரிப்பமெண்டு வந்தனாங்கள்."

மெசின் ஒரு தரம் உறுமி நின்றது.

சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டால், பெண் பார்க்க வருவதற்கு முன் மாப்பிள்ளை பகுதி சத்தமில்லாமல் ஊருக்குள் வந்து கேட்டுவிட்டுப் போகும். கடையில் கேட்கும், கோயிலடியில் கேட்கும், பக்கத்து வளவில் தண்ணீர் குடிக்கும் சாட்டில் கேட்கும். கேட்டவர்கள் தாங்கள் யாரென்று சொல்வதில்லை. பதில் சொன்னவர்களும் சொன்னதாகக் காட்டிக்கொள்வதில்லை. சாரங்காவுக்கு இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் பேசி வந்து, இரண்டும் இந்த விசாரிப்போடு பேச்சு மூச்சில்லாமல் நின்றுபோயின. ஏன் என்று புரோக்கரும் சொல்லவில்லை. ஆரோ என்னவோ சொல்லிவிட்டினம் என்று அம்மா இராசமலர் மூக்கைச் சிந்தினார்.

அந்த 'ஆரோ' யார், அந்த 'என்னவோ' என்ன என்பதைச் சாரங்கா இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் சாமானைக் கட்டிக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பினால், இவர்தானோ என்று பார்ப்பாள். கோயிலில் இரண்டு பெண்கள் குசுகுசுத்தால் காது தானாகவே அங்கே போகும். ஆனால் அவள் சந்தேகம் போய் நின்ற இடம், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்துக்கடை, பாமசி. அங்கே நிற்கும் சுமித்திரா பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுடைய சிநேகிதி. கடைசியாக விசாரிக்க வந்தவர்கள் பாமசி வாசலில் நின்று கதைத்ததைச் சாரங்கா தன் கண்ணாலேயே கண்டிருந்தாள். அன்றிலிருந்து சுமித்திரா கூப்பிட்டால் கேட்காத மாதிரித் தைப்பாள்.

இப்போது விசாரிப்பு அவளுடைய கடைக்கே நடந்து வந்து, அவளுடைய வாங்கிலேயே இருந்துகொண்டிருந்தது.

'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மா, "படம் பாத்தனாங்கள். நல்ல வெள்ளைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பிரான்ஸில் இருக்கும் தம்பி ரஜிதன் அந்தப் படத்தைத் தொலைபேசியில் போட்டுத் தேய் தேயென்று தேய்த்துத்தான் புரோக்கருக்கு அனுப்பியிருந்தான். 'அக்கா, முதல் பாக்கிறதே படம்தானே, உங்கட கலியாணத்தை நினைச்சா எனக்கு இஞ்ச நித்திரை வருதில்லை' என்றான். முடிவில் படத்தில் இருந்தது சாரங்காவின் பணக்காரச் சொந்தக்காரி ஒருத்தியைப் போலிருந்தது. தையல் ரீச்சர் என்றது அம்மாவின் வேலை. காலைப் பற்றிச் சொல்லுங்கோ என்று சாரங்கா எத்தனையோ தரம் கேட்டும், 'பாத்துப் பேசேக்க சொல்லுவம்' என்று அம்மா தட்டிக்கழித்துவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. ஒரு விசாரிப்பில் என்னதான் கேட்பார்கள், என்னதான் சொல்வார்கள் என்று அவளுக்கே பார்க்கவேண்டும்போலிருந்தது.

"மறைக்காமச் சொல்லும் பிள்ளை. தாய் தகப்பன் இல்லாத பெடியன். நான் பெரியம்மா, இவர் பெரியப்பா. நாங்கள்தான் வளத்தது. நாளைக்கு ஒண்டெண்டா எங்களைத்தான் சனம் கேக்கும்."

அந்தப் பெரியம்மாவின் பெயர் விமலேஸ்வரி, பெரியப்பா வீரகத்தி. புளியங்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். இதெல்லாம் சாரங்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மெசினை மறுபடி ஓடவிட்டு, நல்லதாக ஏதாவது சொல்வோம் என்றுதான் தொடங்கினாள். வேறொரு பெட்டையைப் பற்றி யாரும் கேட்டிருந்தால் கூசாமல் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பாள். இதற்கு முன் சொல்லியும் இருக்கிறாள். தன்னைப் பற்றி என்றதும் வாய்க்கு வந்தது வேறு.

"அப்பிடிப் பெரிசா ஒண்டும் இல்லையம்மா."

"ஒண்டும் இல்லையெண்டா?"

"கொஞ்சம் கோவக்காரி."

சொன்னதும் அடுத்தது தானாகவே வந்தது.

"ஆரோடையும் ஒட்டமாட்டா. திருவிழாவுக்கும் வரமாட்டா. வந்தாலும் ஒரு மூலையில இருந்திட்டு வெள்ளனப் போயிடுவா."

"ஏனாம்?"

"தன்னைப் பெரிய ஆள் எண்டு நினைப்பாக்கும். சிரிச்சுக் கண்ட சனமில்லை. ரீச்சரும் இல்லை அம்மா. முந்தி மாதர் சங்கத்தில கொஞ்சப் பிள்ளையளுக்குப் பழக்கினவா, அவ்வளவுதான். முகமும் படத்தில மாதிரி இல்லை. வயசும் போகுது."

நூலில் கட்டி ஒன்றுமில்லாமல் தையல் ஓடுவதுபோல வசனங்கள் ஓடின. எங்கேயும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சங்கக்கடை முகாமையாளரின் வாயிலும், கோயில் பெண்களின் வாயிலும், சுமித்திராவின் வாயிலும் அவள் இரண்டு வருஷமாக வைத்து வைத்துப் பார்த்த வசனங்கள்தான் அவை. தன் குரலில் கேட்டபோது அவற்றில் ஒன்றுகூடப் புதிதாக இல்லை. அதோடு ஒரு சுகமும் இருந்தது, சொறியச் சொறிய வரும் சுகம்.

"காலும் ஏலாது" என்று கடைசியாகச் சொன்னாள். "இடது கால். இழுத்துத்தான் நடப்பா. அதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டினம்."

நெல் வெட்டும் பெரிய மெசின் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு போனது. அது கடந்து, சத்தம் அடங்கியது. விமலேஸ்வரி தன் கணவரைப் பார்த்தார். வீரகத்தி குடைப் பிடியைப் பார்த்தார். பிறகு விமலேஸ்வரி சாரங்காவின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, கேட்டாக் கோவிக்கக்கூடாது. உமக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஏதும் கோவமோ?"

"எனக்கோ?"

"நாங்கள் காலமையே வந்திறங்கிட்டம். இப்ப திரும்பிப் போகத்தான் பஸ்ஸுக்கு நிக்கிறம். சங்கக்கடையில கேட்டம், கோயிலடியில கேட்டம், பால் குடுக்கிற இடத்திலயும் கேட்டம். ஒரு சனம் ஒரு குறை சொல்லேல்லை. நீர் ஒராள்தான் இப்பிடிக் கொட்டுறீர்."

சாரங்காவின் கால் மெசின் மிதியிலேயே அழுந்தி நின்றது.

"சங்கக்கடைக்காரர் சொல்லுறார், அந்தப் பிள்ளை சிரிச்சா இந்தச் சந்திக்கே கேக்குமாம். நீர் சிரிச்சே காணேல்லை எண்டுறீர். எதை நான் நம்புறது?"

"கால்..." என்றாள் சாரங்கா.

"கால் கதை முதல் கேட்ட இடத்திலையே சொல்லிப்போட்டினம். அதுக்கென்ன? இந்தாளின்ர முதுகுக்குள்ள இப்பவும் செல் துண்டு கிடக்கு. மழை வருமெண்டு ரேடியோவுக்கு முதல் இவர் சொல்லுவார். காலைப் பாத்தோ நாங்கள் பிள்ளை எடுக்கிறது? எனக்கு இப்ப யோசினை நீர் சொன்ன மற்றக் கதையள்தான். ஒட்டமாட்டா, கோவக்காரி... எங்கட வீட்டில நாங்கள் மூண்டு பேர்தான், பிள்ளை. வாற பிள்ளையும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருந்தா நாங்கள் எங்க போறது?"

வீரகத்தி முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அந்தப் பாமசிப் பிள்ளை சொன்னதையும் சொல்லன்."

"ஓம், அந்தப் பிள்ளை." விமலேஸ்வரி தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அவா சொல்லுறா, 'அவளுக்கு என்னில என்னவோ மனத்தாங்கல். ஏனெண்டு எனக்குத் தெரியாது. முகம் குடுக்கிறாளில்லை. எண்டாலும் பொய் சொல்லமாட்டன் அம்மா. எனக்குப் பிள்ளை பிறக்கேக்க ஆசுபத்திரியில ராப்பகலா என்னோட நிண்டது அவள்தான். அந்தக் காலோட மேல் மாடிக்கும் கீழுக்கும் நடந்தவள்' எண்டு. சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிட்டுது. முந்தி வந்த ஆக்களுக்கும் இதைத்தான் சொன்னவாவாம். அப்பிடிச் சொல்லியும் அந்தக் கலியாணம் சரிவரேல்லையெண்டு அவாவுக்குக் கவலை."

சாரங்காவால் நிமிர முடியவில்லை. வெட்கம் என்றால் முன்பு தெரிந்த வெட்கம் இல்லை இது. ஒருத்தரும் சொல்லாததை, ஒருத்தரும் கேட்காத நேரத்திலும், நாள் முழுக்க இருந்து இருந்து தனக்கே சொல்லிக்கொண்டிருந்தவள் யார் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவளோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்தவள்தான்.

"பிள்ளை" என்றார் வீரகத்தி, மெதுவாக. "பையின்ர வாயையும் சேத்துத் தைச்சிட்டீர்."

குனிந்து பார்த்தாள். வாரைத் தைத்த தையல் வாரோடு நிற்காமல், பையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நெருக்கமாக, நேராக ஓடியிருந்தது. பை இனித் திறக்காது.

"ஐயோ, அதுக்குள்ளதான் பஸ் காசு!" என்றார் விமலேஸ்வரி.

"நல்லது. இனி நீ வழியில ஒண்டும் வாங்கமாட்டாய்" என்றார் வீரகத்தி.

சாரங்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அடக்கியதில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு அடங்கவேயில்லை. தெருவுக்கு அப்பால் மருந்துக் குளிசை மட்டையும் கையுமாக நின்ற சுமித்திரா திரும்பிப் பார்த்தாள்.

சிரித்து முடிந்ததும் சாரங்கா மேசையைப் பிடித்து எழுந்தாள். காலை இழுத்து இரண்டு அடி வைத்து, அவர்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நான்தான் சாரங்கா."

விமலேஸ்வரி அவளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்புக்குள்ளிருந்து தொலைபேசியை எடுத்துப் படத்தைப் பார்த்தார்.

"அப்ப இது ஆர்?"

"அதுவும் நான்தான். தம்பி பிரான்ஸில இருந்து வெள்ளையடிச்சு அனுப்பினவன்."

"எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தினீரோ? இந்தக் கடைதானெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!" விமலேஸ்வரியின் முகம் சிவந்துவிட்டது. "வயசு போன ரண்டு பேரை வைச்சுக்கொண்டு..."

"பேய்க்காட்டேல்லை அம்மா. அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். சத்தியமா."

விமலேஸ்வரி கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீரகத்திதான் மனைவி பக்கம் திரும்பிப் பேச்சை எடுத்தார். "உன்ர அப்பா என்னைப் பற்றி என்னட்டையே வந்து விசாரிச்சிருந்தா, நான் இதைவிட மோசமாச் சொல்லியிருப்பன்."

"சொல்லியிருந்தா நான் தப்பியிருப்பன்" என்றார் விமலேஸ்வரி, அவரைப் பார்க்காமலே. பிறகு வாங்கைத் தட்டினார். "நிக்காதையும், இரும் பிள்ளை. முதல் பையைப் பிரியும்."

சாரங்கா இருந்தாள். பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டவள், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பினாள்.

"சுமி!"

பாமசியில் சுமித்திரா அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெயரை அந்தக் குரலில் கேட்டு எவ்வளவு காலம்! சாரங்கா இன்னொரு தரம் குரல் கொடுத்தாள்.

"பின்னேரம் வாறன், நில்!"

சுமித்திரா குளிசை மட்டையை உயர்த்தி ஆட்டினாள். போதுமாயிருந்தது, மிச்சத்தைப் பின்னேரம் அழுது தீர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தையலாக வெட்டியபடி சாரங்கா கேட்டாள்: "அம்மா, நீங்கள் என்னைப் பற்றி ஊர் முழுக்கக் கேட்டிட்டியள். உங்கட பெடியனைப் பற்றி நான் ஆரிட்டக் கேக்கிறது?"

விமலேஸ்வரி திகைத்தார். "எங்களிட்டக் கேளும்."

"நீங்கள் வளத்தனீங்கள். நல்லாத்தானே சொல்லுவியள்."

"நியாயம்" என்றார் வீரகத்தி. தொலைபேசியை மனைவியின் கையிலிருந்து எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எதையோ அழுத்தினார். "பெடியன் லக்ஷனிட்டையே கேளும். புளியங்குளத்தில நெல்லு மில்லில நிக்கிறான். நீர் ஆரெண்டு சொல்லாதையும். நாங்கள் பட்ட பாட்டை அவனும் படட்டும்."

"என்னப்பா விளையாட்டு இது!" என்று விமலேஸ்வரி கையை நீட்டுவதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. தொலைபேசி சாரங்காவின் கைக்கு வந்தது.

"பெரியப்பா? என்னவாம்?" பின்னால் மில் இரைந்தது.

"பெரியப்பா இல்லை. அக்கராயனில தையல் கடையில இருந்து கதைக்கிறன்."

"அவையளுக்கு ஏதும் நடந்திட்டுதோ?" குரல் பதறியது.

"இல்லையில்லை. பை பிஞ்சிட்டுது. தைக்கக் குடுத்திட்டு இருக்கினம்."

மில் சத்தம் குறைந்தது. அவன் எங்கேயோ வெளியில் வந்துவிட்டான் போலிருந்தது.

"நீங்கள் அந்த ஊர்தானே அக்கா? அப்ப, தில்லைநாதன் ஐயாவின்ர மகளைத் தெரியுமோ?"

"தெரியும்."

எப்படிப் பிள்ளை என்றுதான் அடுத்ததாகக் கேட்கப்போகிறான். இந்தத் தடவை என்ன சொல்வது என்று அவள் வசனம் தேடிக்கொண்டிருக்க, அவன் வேறொன்று கேட்டான்.

"ஒரு உதவி செய்வியளோ? அவாட்ட ஒரு விசயம் சொல்லிப்போடுங்கோ. புரோக்கர் குடுத்த படத்தில நான் தொப்பி போட்டிருக்கிறன். எனக்கு முன்னுக்கு மயிர் இல்லை அக்கா. நெத்தி எங்க முடியுதெண்டு எனக்கே தெரியாது. உயரமும் அவ்வளவு இல்லை, படியில நிண்டு எடுத்தது. பெரியம்மாட்டச் சொன்னா, வாயைப் பொத்திக்கொண்டு இரு எண்டுறா. கண்டு போட்டு அந்தப் பிள்ளை ஏமாந்து போகக்கூடாது, பாவம். மில்லில எல்லாரும் சிரிக்கிறவங்கள். சொல்லாட்டிலும் எனக்குத் தெரியும், பின்னால சிரிப்பாங்கள். அதோட அக்கா, எனக்கு ஆக்களோட கதைக்கவும் வராது..."

கதைக்க வராது என்றவன் மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டே போனான். முழங்கையைப் பற்றிச் சொன்னான், நடையைப் பற்றிச் சொன்னான், பத்தாம் வகுப்பில் யாரோ சொன்ன பகிடியைப் பற்றிச் சொன்னான். சாரங்கா கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேராக ஓடுகிறது தையல்! அவளுடையதைப் போலவே எங்கேயும் கட்டியில்லை. மயிர்தானே, அதுக்கென்ன என்று வாய்க்கு வந்துவிட்டது. அந்த வார்த்தை தன் காலைப் பற்றி விமலேஸ்வரி சொன்னபோது எவ்வளவு சின்னதாக, எவ்வளவு சாதாரணமாக வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்லிப்போடுவியளோ அக்கா?"

"அவா இஞ்ச பக்கத்திலதான் இருக்கிறா. இப்பவே கேட்டுச் சொல்லட்டோ?"

"பக்கத்திலையோ! ஐயோ, கேட்டுக்கொண்டிருந்தவாவோ?"

"பொறுங்கோ."

தொலைபேசியை மடியில் வைத்து உள்ளங்கையால் மூடினாள். விமலேஸ்வரி புருவத்தை உயர்த்திப் பார்த்தார், வீரகத்தி குடைக்குப் பின்னால் சிரித்தார். சாரங்கா இருவரையும் பார்க்கவில்லை. சொன்னபடியே தன்னிடமே கேட்டாள். சாரங்காவுக்கு விருப்பமா என்று புரோக்கரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, அவளும் கேட்டதில்லை. மற்றவர்களுக்கு அவளில் விருப்பம் வருமா என்பதையே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததில், அந்தக் கேள்விக்கு இடமே வந்ததில்லை. பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்த நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

"கேட்டனான். பாதகமில்லையாம்."

மறுகையால் பையின் கடைசித் தையலை இழுத்து எடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை நேர வரட்டாம். அவாவும் தன்னைப் பற்றிச் சிலது சொல்லவேணுமாம். அதில எது மெய், எது பொய் எண்டு அவாவுக்கே இப்ப வடிவாத் தெரியேல்லையாம்."